திருநாளுக்கு முந்தின நாள்

(வண்ணாரப்பேட்டையில், நமது பங்கின் யூபிலி நவநாளில், ஒரு மாலைச் செபத்திற்குப்பின் ஆற்றிய உரை)



சென்ற ஞாயிறு திருப்பலியின் முடிவில் ஓர் அறிவிப்பு வாசிக்கப்பட்டது. யூபிலி விழாவுக்கு முந்தின நாளாகிய சனிக்கிழமையை நமது பங்கு முழுவதும் ஒருசந்தி நாளாக அனுசரிக்க வேண்டும். அன்று மிச்சமாகும் உணவுச் செலவை ஏழைகளுக்கென்று ஒதுக்க வேண்டும் என்பதே அந்த அறிவிப்பு. பூசை முடிந்து வெளியே வந்தபோது, கோயில் வாசலில் டீக்கடை அருகே ஒரு பேச்சு என் காதில் விழுந்தது. "கொடி ஏற்றியாயிற்று, தேர் ஜோடிக்க ஆள் சொல்லியாயிற்று, பிரியாணிக்கு அண்டாவும் வந்தாயிற்று. இந்த நேரத்தில் பட்டினி கிடக்கச் சொல்கிறார்களே! கல்யாண வீட்டில் எவனாவது முந்தின நாள் அடுப்பை அணைப்பானா?" என்று ஒருவர் கேட்டார். கூட நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஆனால் வீடு போய்ச் சேரும்வரை அந்தக் கேள்வி என்னை விடவில்லை. நியாயமான கேள்விதான். துக்கத்துக்கு முன் நோன்பு இருந்தால் புரிகிறது. பாவத்துக்குப் பரிகாரமாக நோன்பு இருந்தால் புரிகிறது. பெரிய வெள்ளியன்று யாரும் காரணம் கேட்பதில்லை. சந்தோஷத்துக்கு முன்னே எதற்கு நோன்பு? இன்று மாலை எனக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் நேரத்தில் இந்த ஒரு கேள்விக்குப் பதில் தேடலாம் என்று நினைக்கிறேன்.

அன்பர்களே, "யூபிலி" என்ற சொல்லிலிருந்தே தொடங்குவோம். அது நமக்கு இஸ்ராயேல் மக்களிடமிருந்து வந்த சொல். "யோபேல்" என்றால் எபிரேய மொழியில் ஆட்டுக்கடாவின் கொம்பு. ஐம்பதாம் ஆண்டு வரும்போது அந்தக் கொம்பை ஊதி, நாடெங்கும் விடுதலையை அறிவிக்க வேண்டும்; விற்ற நிலம் உரியவனுக்குத் திரும்ப வேண்டும்; அடிமைப்பட்டவன் தன் வீட்டுக்குத் திரும்ப வேண்டும் என்று லேவியர் நூலின் 25-ஆம் அதிகாரம் சொல்கிறது. அந்தக் கொம்பை எந்த நாளில் ஊதச் சொன்னார் ஆண்டவர்? விருந்து நாளிலா? இல்லை. ஏழாம் மாதம் பத்தாம் நாளில், பாவப் பரிகார நாளில். அது இஸ்ராயேல் மக்கள் அனைவரும் உணவையும் நீரையும் விலக்கித் தங்களைத் தாழ்த்திக்கொள்ளும் நாள். அதற்கு ஐந்து நாள் கழித்துத்தான் அவர்களுடைய மகிழ்ச்சி மிகுந்த கூடாரத் திருவிழா. ஆகவே, நாம் கொண்டாடப் போகும் யூபிலி என்பதே ஒரு நோன்பு நாளில் பிறந்த கொண்டாட்டம். நம் பங்குப் பேரவை புதிதாக ஒன்றையும் கண்டுபிடித்துவிடவில்லை!

இதைவிடத் தெளிவாக நம் கேள்விக்குப் பதில் சொல்லும் இன்னொரு வழக்கமும் யூத மக்களிடம் உண்டு. அவர்களுடைய ஆண்டில் மிகக் கலகலப்பான திருநாள் எது என்று கேட்டால் "பூரிம்" என்பார்கள். அதார் மாதம் 14-ஆம் நாள் அது வரும். நம் கணக்கில் பிப்ரவரி கடைசியிலோ மார்ச்சு மாதத்திலோ, பெரும்பாலும் நமது தவக்காலத்தில் வரும். அன்று குழந்தைகள் வேஷம் கட்டுவார்கள். தொழுகைக்கூடத்திலேயே சத்தமும் சிரிப்புமாக இருக்கும். எஸ்தர் நூலைச் சுருளிலிருந்து வாசிக்கும்போது, தீயவன் ஆமானின் பெயர் வரும் ஒவ்வொரு தடவையும் காலால் தரையைத் தட்டி, கிலுகிலுப்பை ஆட்டி, அந்தப் பெயர் காதில் விழாதபடி இரைச்சல் போடுவார்கள். இத்தனை மகிழ்ச்சிக்கும் முந்தின நாள், அதார் 13, என்ன செய்கிறார்கள் தெரியுமா? விடியற்காலையிலிருந்து வானத்தில் நட்சத்திரம் தோன்றும்வரை ஒன்றும் உண்ணாமல், ஒன்றும் பருகாமல் நோன்பு இருக்கிறார்கள். அதற்கு "எஸ்தரின் நோன்பு" என்று பெயர்.

எஸ்தரின் கதை நமக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் நாம் கவனிக்காமல் தாண்டிப் போகும் ஓர் இடம் அதில் இருக்கிறது. பாரசீக அரசன் அகஸ்வேரின் காலம். தாய் தந்தையில்லாத யூதப் பெண் எஸ்தர், வளர்ப்புத் தந்தையாகிய மொர்தக்காயின் பராமரிப்பில் வளர்ந்து, அரசியாகிவிட்டாள். தான் இன்ன குலம் என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை. அமைச்சன் ஆமான், யூத மக்கள் அனைவரையும் ஒரே நாளில் அழித்துவிட அரசனிடம் ஆணை வாங்கிவிடுகிறான். எந்த நாளில் அழிப்பது என்று சீட்டுப் போட்டுப் பார்க்கிறான். அந்தச் சீட்டுக்குத்தான் "பூர்" என்று பெயர், அதிலிருந்துதான் பூரிம். ஆணை கேட்ட மொர்தக்காய் தன் ஆடையைக் கிழித்து, சாக்குத் துணி உடுத்தி, சாம்பல் பூசிக்கொண்டு, அலறியபடி அரண்மனை வாசலுக்கு வந்து நிற்கிறார். சாக்கு உடுத்தியவன் உள்ளே நுழையக் கூடாது. வாசலோடு சரி.

உள்ளே இருக்கும் எஸ்தருக்குச் செய்தி போகிறது. அவள் முதலில் என்ன செய்தாள்? நன்றாகக் கவனியுங்கள். அவள் நல்ல துணிமணி கொடுத்தனுப்பினாள்! சாக்கைக் களைந்துவிட்டு இதை உடுத்திக்கொள்ளுங்கள் என்று சொல்லியனுப்பினாள். அவள் கெட்டவள் அல்ல. வளர்த்தவர்மேல் பாசம் உள்ளவள்தான். ஆனால் அவர் ஏன் அழுகிறார் என்று கேட்பதற்கு முன்னே, அவர் அழுவது தெரியாதபடி மூடிவிடப் பார்த்தாள். மொர்தக்காய் அந்தத் துணியை வாங்கவில்லை.

நமது வண்ணாரப்பேட்டை துணிக்குப் பேர்போன ஊர். கிழக்கிந்தியக் கம்பெனியார் காலத்தில் துணிகளை வெளுத்து, ஏற்றுமதிக்கு ஆயத்தப்படுத்திய தொழிலாளர்கள் குடியிருந்ததால்தான் இந்தப் பெயரே வந்தது. இன்றும் எம்.சி. ரோட்டுக்குத் துணி எடுக்க வராத குடும்பம் வடசென்னையில் ஏது? ஆகையால் நமக்கு இது நன்றாகவே விளங்கும். கிறிஸ்துமசுக்கு நாலு ஏழைகளுக்கு வேட்டி சேலை கொடுத்துவிட்டு, அவர்கள் ஏன் அழுகிறார்கள் என்று கேட்காமலேயே நாம் வீடு திரும்பிவிடுகிறோம். கொடுப்பது தவறு என்று நான் சொல்லவில்லை. அதோடு நின்றுவிடுவதைத்தான் சொல்கிறேன்.

மொர்தக்காய் துணியைத் திருப்பி அனுப்பியபிறகுதான் எஸ்தர் உண்மையைக் கேட்டறிகிறாள். அரசன் அழைக்காமல் அவன்முன் போனால் மரணம். போகாவிட்டால் தன் மக்களுக்கு மரணம். அரண்மனையில் இருப்பதால் நீ மட்டும் தப்பிவிடுவாய் என்று எண்ணாதே என்று மொர்தக்காய் சொல்லியனுப்புகிறார். அப்போது அவள் ஒரு முடிவெடுக்கிறாள். சூசா நகரில் இருக்கும் யூதர் எல்லோரும் மூன்று நாள் இரவும் பகலும் எனக்காக நோன்பு இருங்கள். நானும் என் பணிப்பெண்களும் அப்படியே இருப்போம். அதன்பின் அரசனிடம் போவேன். உயிர் போனாலும் போகட்டும் என்கிறாள்.

சகோதரர்களே, இந்த இடத்தில்தான் எஸ்தர் அரண்மனையை விட்டு வாசலுக்கு வந்தாள் என்று நான் சொல்வேன். உடலால் அவள் உள்ளேதான் இருந்தாள். அவளுக்கென்று தனிச் சமையல் இருந்தது, நினைத்தால் உண்ணலாம். ஆனால் வெளியே இருந்த மக்களின் பசியை அவள் தன் வயிற்றில் ஏற்றுக்கொண்டாள். அந்த மூன்று நாளும், சாக்கு உடுத்திய மொர்தக்காய்க்கும் கிரீடம் தரித்த எஸ்தருக்கும் இருந்தது ஒரே பசி. துணி கொடுத்தனுப்பியபோது அவள் கொடுப்பவளாகவும் அவர் வாங்குபவராகவும் இருந்தார்கள். நோன்பு இருந்தபோது இருவரும் ஒரே மக்களாகிவிட்டார்கள்.

இது எப்படிப்பட்டதென்று நமக்கும் ஒரு தடவை தெரிந்தது. 2023 டிசம்பர் 4-ஆம் தேதி மிக்ஜாம் புயல் மழையில் வடசென்னை தண்ணீரில் நின்றதை மறக்க முடியுமா? மின்சாரம் இல்லை, பால் இல்லை, கடை இல்லை. எங்கள் தெருவில் கீழ்வீட்டுக்காரர்கள் சாமான்களைத் தலையில் தூக்கிக்கொண்டு மாடிக்கு வந்தார்கள். அதுவரை தண்ணீர்க் குழாய்க்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்த இரண்டு வீடுகள், ஒரே பானைக் கஞ்சியை ஊற்றிக் குடித்தன. அந்தப் பசியை நாம் தேர்ந்துகொள்ளவில்லை; அது நம்மேல் வந்து விழுந்தது. அப்படி வந்த பசியே நம்மை ஒரு வீடாக்கியதென்றால், அன்பினால் நாமே ஏற்கும் பசி என்னதான் செய்யாது?

எஸ்தர் நூலின் எபிரேய மூலத்தில் கடவுளின் பெயர் ஒரு தடவைகூட வருவதில்லை என்பார்கள் வேத அறிஞர்கள். கத்தோலிக்கராகிய நமது விவிலியத்தில் கிரேக்க மொழியிலிருந்து வந்த பகுதிகளும் சேர்ந்திருப்பதால், நோன்பு நாட்களில் எஸ்தர் செய்த மன்றாட்டு நமக்குக் கிடைத்திருக்கிறது. உம்மையன்றி எனக்குத் துணையில்லை, நான் தனியாய் இருக்கிறேன் என்று அவள் ஆண்டவரிடம் கதறுகிறாள். தவக்காலம் முதல் வாரத்து வியாழக்கிழமை திருப்பலியில் இதுவே முதல் வாசகம். 2025-ஆம் ஆண்டு அந்த வியாழன் மார்ச்சு 13-ஆம் தேதி வந்தது. அதே மார்ச்சு 13-இல்தான் அவ்வாண்டு யூதர்களின் எஸ்தர் நோன்பும் வந்தது. ஒரே நாளில் அவர்கள் அவளுடைய நோன்பை அனுசரிக்க, நாம் அவளுடைய செபத்தை வாசித்தோம். நம்மில் எத்தனை பேர் அதை அறிந்திருந்தோம்?

இந்த நோன்பைப்பற்றி இன்னொரு செய்தி உண்டு. அது நம் ஊருக்கு அருகிலும் வருகிறது. நம் மனச்சாட்சிக்கு அருகிலும் வருகிறது. 1492-இல் ஸ்பெயின் நாட்டிலிருந்து யூதர்கள் துரத்தப்பட்டார்கள். 1497-இல் போர்த்துக்கல் நாட்டில் அவர்கள் கட்டாயமாக ஞானஸ்நானம் பெறும்படி செய்யப்பட்டார்கள். வெளியே கிறிஸ்தவர்களாகவும், உள்ளே தங்கள் முன்னோரின் வேதத்தையும் பிடித்துக்கொண்டு வாழ்ந்த குடும்பங்கள் பல. அவர்களுக்கு எஸ்தர்மேல் தனிப் பக்தி இருந்தது. அவளும் தன் குலத்தை மறைத்து வாழ்ந்தவள் அல்லவா? பூரிம் விருந்து வைத்தால் அக்கம்பக்கத்தார் பார்த்துவிடுவார்கள். வேத விசாரணை மன்றத்தாருக்குத் தகவல் போய்விடும். ஆனால் நோன்பு இருந்தால் யார் கண்ணுக்குத் தெரியும்? ஆகவே விருந்தை விட்டுவிட்டு, எஸ்தரின் நோன்பைப் பற்றிக்கொண்டார்கள். அதுவும் சில வேளைகளில் வெளிப்பட்டு, விசாரணையில் குற்றச்சாட்டாக எழுதப்பட்டது. அந்த மன்றம் நமது கோவாவிலும் 1560-இல் நிறுவப்பட்டு, 1812-இல்தான் முடிவடைந்தது.

இப்படிப்பட்ட போர்த்துக்கீசிய யூத மரபில் வந்த வணிகர் சிலர், பதினேழாம் நூற்றாண்டில் இலண்டன் வழியாகச் சென்னைப் பட்டினத்துக்கு வந்தார்கள். பவளமும் வெள்ளியும் கொண்டுவந்து, கோல்கொண்டாவின் வைரங்களை வாங்கிச் சென்றார்கள். 1688-இல் சென்னை மாநகராட்சி தொடங்கியபோது அதன் முதல் ஆல்டர்மென்களில் யூத வணிகரும் இருந்தார்கள். இங்கிருந்து கொஞ்ச தூரத்தில், முத்தியாலுப்பேட்டையில் இருக்கும் பவளக்காரத் தெரு அந்தப் பவள வியாபாரத்தின் ஞாபகம்தான். அவர்களுடைய கல்லறைக் கற்கள் சில இன்று லாயிட்ஸ் சாலையில் இருக்கின்றன. நாம் சைக்கிளிலும் பஸ்ஸிலும் தினம் கடந்துபோகும் தெருக்கள், அன்பர்களே!

இதைச் சொல்லும்போது கத்தோலிக்கராகிய நமக்கு வெட்கமாக இருக்க வேண்டும். ஒரு மக்கள் தங்கள் திருநாளை ஒளித்துவைத்து நோன்பை மட்டும் இரகசியமாகக் காக்கும்படி செய்தவர்கள், இயேசுவின் பெயரைச் சொல்லிக்கொண்டவர்கள்தாம். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபர் 28-இல் வெளியிட்ட ஏட்டில், யூதருக்கு எதிரான எல்லாப் பகைமையையும் திருச்சபை கண்டித்தது. 2000-ஆம் யூபிலி ஆண்டில், மார்ச்சு 12-ஆம் நாள், திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர், இஸ்ராயேல் மக்களுக்கு எதிராகக் கிறிஸ்தவர் செய்த பாவங்களுக்காக உரோமையில் இறைவனிடம் மன்னிப்பு மன்றாடினார். யூபிலி என்றால் அதுவும் சேர்ந்ததுதான்.

அந்த மறைவான நோன்பு ஓர் உண்மையை நமக்குக் கற்பிக்கிறது. விருந்துக்கு மண்டபம் வேண்டும், பணம் வேண்டும், ஊர் அனுமதி வேண்டும். நோன்புக்கு எதுவும் வேண்டாம். பணக்காரனும் இருக்கலாம், பறிகொடுத்தவனும் இருக்கலாம். நோன்பு இருக்கும்போது தலைக்கு எண்ணெய் தடவி முகத்தைக் கழுவிக்கொள், மறைவில் காண்கின்ற தந்தைக்கு மட்டும் அது தெரியட்டும் என்று நம் ஆண்டவர் மத்தேயு நற்செய்தியில் சொன்னது இதைத்தானே?

சரி, நோன்பு முடிந்து திருநாள் வருகிறது. பூரிம் அன்று யூதர் செய்ய வேண்டிய கடமைகள் நான்கு. எஸ்தர் நூலை வாசிக்கக் கேட்க வேண்டும். ஒரு நண்பருக்காவது இரண்டு வகைத் தின்பண்டமாவது அனுப்ப வேண்டும். குறைந்தது இரண்டு ஏழைகளுக்குக் கொடுக்க வேண்டும். பிறகு விருந்துண்ண வேண்டும். இதில் ஏழைகளுக்குக் கொடுப்பதைப்பற்றி அவர்களுடைய சட்டநூல்களில் இரண்டு விதிகள் உண்டு. முதலாவது, பிறர் தரும் தருமத்திலேயே பிழைக்கிற ஏழையும் அன்று இன்னொருவருக்குக் கொடுக்க வேண்டும். வாங்குகிறவன் என்றைக்கும் வாங்குகிறவனாகவே இருந்துவிடக் கூடாது. அந்த ஒரு நாளாவது அவன் கையும் மேலே இருக்க வேண்டும். இரண்டாவது, பூரிம் தருமத்தைக் கொடுக்கும்போது, இவன் உண்மையிலே ஏழைதானா என்று ஆராய்ச்சி செய்யக் கூடாது. கை நீட்டியவருக்கெல்லாம் கொடு என்பதே விதி. ஒரு நாள் பசித்துப் பார்த்தவர்கள் எழுதிய சட்டம் என்று எனக்குத் தோன்றுகிறது.

இனி நமது திருச்சபைக்கு வருவோம். பெரியவர்களுக்கு நினைவிருக்கும்: திருநாளுக்கு முந்தின நாள் நோன்பு என்பது நமக்கும் இருந்த வழக்கம்தான். கிறிஸ்துமசுக்கு முந்தின நாள் ஒருசந்தி; பரலோக மாதா திருநாளுக்கு முந்தின நாள் ஒருசந்தி; பெந்தகோஸ்துக்கு முந்தின நாளும், சகல அர்ச்சியசிஷ்டவர்கள் திருநாளுக்கு முந்தின நாளும் அப்படியே. நன்மை வாங்குகிறவர்கள் நடுச்சாமத்திலிருந்து தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்ற கட்டளை 1953-இல் தளர்த்தப்பட்டது. 1957-இல் மூன்று மணி நேரமாயிற்று. 1964-இல் ஒரு மணி நேரமாயிற்று. 1966-இல் திருத்தந்தை ஆறாம் சின்னப்பர் நோன்புச் சட்டத்தைத் திருத்தியமைத்தபின், கட்டாய ஒருசந்தி நாட்கள் விபூதிப் புதனும் பெரிய வெள்ளியுமாக இரண்டே ஆயின. சுமையைக் குறைத்தது தாயின் இரக்கம். நோன்பு வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. அன்பினால் நாமாகவே செய்யட்டும் என்று நம்மை நம்பி விட்டாள். அந்த நம்பிக்கைக்கு நாம் என்ன பதில் கொடுத்தோம் என்பதை அவரவர் நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொள்வோம்.

வத்திக்கான் சங்கமே திருவழிபாட்டு ஏட்டின் 110-ஆம் பகுதியில், பெரிய வெள்ளியின் நோன்பை இயன்றால் சனிக்கிழமையும் நீடிக்கலாம், அப்படிச் செய்தால் உயிர்த்த ஞாயிறின் மகிழ்ச்சிக்கு உயர்ந்த, தெளிந்த உள்ளத்தோடு வந்து சேரலாம் என்ற கருத்தைச் சொல்லியிருக்கிறது. மகிழ்ச்சிக்கு முன்னே நோன்பு எதற்கு என்ற கேள்விக்குத் திருச்சபை தந்த பதில் அது. மகிழ்ச்சியைக் குறைப்பதற்காக அல்ல, மகிழ்ச்சிக்கு நம்மை ஆயத்தம் செய்வதற்காக. மேலும், டீக்கடை நண்பருக்கு ஒரு சொல்: கல்யாண வீட்டில் முந்தின நாள் சாப்பிடாத ஒருத்தி உண்டு. அவள் பெண்ணைப் பெற்றவள். எல்லோரும் சாப்பிட்டார்களா என்று பார்த்துக்கொண்டே இருப்பவள். நம் யூபிலியில் அந்தத் தாயின் இடம் யாருக்கு?

இங்கே என் குற்றம் ஒன்றை உங்கள்முன் சொல்ல வேண்டும். இந்த யூபிலிக்காக வீட்டுக்கு வீடு வரி வசூலிக்கப் போனவர்களில் நானும் ஒருவன். கையில் நோட்டு, குடும்பத்துக்கு இவ்வளவு என்று தொகை. நான் போனது மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது என்பது உங்களுக்குத் தெரியும். காசிமேட்டில் படகுகள் வரிசையாகக் கட்டிக்கிடந்தன. படகில் கூலிக்குப் போகிற ஒருவர் வீட்டுக் கதவைத் தட்டினேன். சிறுபெண் ஒருத்தி வந்து, "அம்மா வீட்டில இல்ல, தாத்தா" என்றாள். உள்ளே அம்மா இருமும் சத்தம் எனக்குக் கேட்டது. அந்தக் குழந்தைக்கும் கேட்டது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? "பணம் கேட்க வரவில்லை, பாப்பா, திருவிழாவுக்கு எல்லோரும் வந்துவிட வேண்டுமென்று சொல்ல வந்தேன்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் அப்படிச் சொல்லவில்லை. நோட்டில் அந்த வீட்டின் பெயருக்கு நேரே "பாக்கி" என்று எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டேன். அன்று மத்தியானம் வீட்டில் மீன் கிடைக்கவில்லை என்று குறைப்பட்டுக்கொண்டே வயிறாரச் சாப்பிட்டேன். அந்தக் குடும்பம் அதற்குப் பிறகு பல ஞாயிறுகள் பூசைக்கு வரவில்லை. வாசலில் நோட்டோடு யாராவது நிற்பார்கள் என்ற பயம்தான் காரணமென்று பின்னால் தெரிந்தது. சகோதர சகோதரிகளே, கோயில் வாசலைச் சாக்கு உடுத்தியவன் நுழையக்கூடாத அரண்மனை வாசலாக்கிவிட்டேன் நான். விருந்துக்கு முந்தி ஒரு நாள் எனக்குப் பசித்திருந்தால், அந்த இருமல் சத்தத்தை நான் வேறு விதமாகக் கேட்டிருப்பேன்.

ஆகையால்தான் இந்தச் சனிக்கிழமை ஒருசந்தியை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். அதுபற்றிச் சில வார்த்தைகள்.

முதலாவது, யார் இருக்க வேண்டும்? திருச்சபையின் சட்டப்படி ஒருசந்திக் கடமை 18 வயது நிறைந்தவர்களுக்கு, 59 வயது நிறையும்வரை. யூதரும் எஸ்தரின் நோன்பில் கர்ப்பிணிகளுக்கும், பால் கொடுக்கும் தாய்மாருக்கும், நோயாளிகளுக்கும் விலக்குக் கொடுக்கிறார்கள். நமக்கும் அப்படியே. சர்க்கரை வியாதிக்காரர்கள் மருந்தையும் வேளை உணவையும் விட வேண்டாம். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர், வெயிலில் தெருக் கூட்டுகிறவர், வேலைக்கு வேண்டியதைச் சாப்பிடட்டும். அவர்களுடைய வேர்வையே நோன்பு. வருஷத்தில் பாதிநாள் அரைவயிறாக இருக்கிறவர்களை நோக்கி நோன்பு இருங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. இந்த அழைப்பு, மூன்று வேளையும் உண்கிற என்போன்றவர்களுக்கு. வயது தாண்டிவிட்ட நானும் இயன்றவரை இருக்கப் போகிறேன். எனக்குச் சட்டம் இல்லை, கடன் இருக்கிறது.

இரண்டாவது, மிச்சமாகும் பணம். நம் தாய்மார்கள் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்துவைத்து, மாதக் கடைசியில் ஏழைகளுக்குக் கொடுத்தார்கள். பிடி அரிசி என்றால் இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. அதன் அருமை என்னவென்றால், யாருடைய பிடி எது என்று பானையில் அடையாளம் இராது. சனிக்கிழமை மாலை பீடத்தின் அருகே ஒரு பெட்டி இருக்கும். உறையில் பெயர் எழுத வேண்டாம். தொகை எழுத வேண்டாம். பத்து ரூபாயும் அதில் விழட்டும், ஆயிரமும் விழட்டும். உதவி வாங்குகிற குடும்பங்களும் விருப்பமிருந்தால் போடலாம். பூரிம் விதியை மறந்துவிடாதீர்கள். வின்சென்ட் தே பவுல் சபையார் அதைப் பகிர்ந்துகொடுக்கும்போது, கை நீட்டியவரைக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டாம் என்று அன்போடு கேட்டுக்கொள்கிறேன்.

மூன்றாவது, ஞாயிறு விருந்து. யூபிலி மலரில் நன்கொடை தந்தவர்களின் பெயர்கள் வரும். வரட்டும், அவர்களுக்கு நாம் நன்றிக்கடன் பட்டவர்கள். ஆனால் வரிப் பாக்கி நோட்டு ஞாயிறன்று கோயில் வளாகத்துக்குள் வரக் கூடாது. முதல் பந்திக்கு நாம் முந்தக் கூடாது. நோட்டு எடுத்துப் போனவர்களும், பேரவையில் இருக்கிறவர்களும், பட்டியலில் பெயர் உள்ளவர்களும் இலை போட்டுப் பரிமாறுவோம். எவரையும் பெயர் சொல்லி, "ஏழைகளே, முதலில் வாருங்கள்" என்று கூப்பிட்டு அவமானப்படுத்த வேண்டாம். நாம் பின்னே நின்றால் போதும். முன்னே யார் உட்கார்ந்தார்கள் என்பதை ஒருவரும் எண்ண மாட்டார்கள். அண்டாவில் இருப்பது கடைசிப் பந்திக்குப் போதாமல் போனால், அந்தக் கடைசிப் பந்தி நம்முடையதாக இருக்கட்டும்.

நான் நேற்று அந்த வீட்டுக்குப் போனேன். நோட்டில்லாமல் போனேன். கதவைத் திறந்தது அந்தத் தாய்தான். மன்னித்துக்கொள்ளம்மா என்றேன். "நீங்க ஏன்யா மன்னிப்பு கேக்கறீங்க, பொய் சொல்லச் சொன்னது நான்தானே" என்றார் அவர். சிறிது நேரம் இருவருக்கும் பேச்சு வரவில்லை. பிறகு, ஞாயிறன்று பரிமாற ஆள் வேண்டுமா என்று அவரே கேட்டார். வேண்டும் என்றேன்.

அன்பார்ந்தவர்களே, மணமகன் தங்களோடு இருக்கும்போது தோழர்கள் நோன்பு இருப்பதில்லை என்று நம் ஆண்டவர் சொன்னார். ஞாயிறன்று நோன்பு இல்லை. அன்று மேளமும் தேரும் விருந்தும் வேண்டும். ஆனால் அந்த மணமகன், வாசலில் நிற்கிறவர்களோடு தம்மை ஒன்றாக்கிக்கொண்டவர். பசியாயிருந்தேன் என்று தீர்வை நாளில் சொல்லப் போகிறவர் அவர். சனிக்கிழமை நாம் அவரோடு வாசலில் நிற்போம். ஞாயிறன்று அவர் நம் எல்லோரையும் உள்ளே அழைத்துப் போவார்.

எஸ்தரைப்போல் தன் மக்களுக்காகப் பரிந்து பேசும் நம் அன்னை மரியாள், இந்தப் பங்கையும், கடலுக்குப் போகிறவர்களையும், அவர்களுக்காகக் கரையில் காத்திருக்கிறவர்களையும் காப்பாளாக.

மரியே வாழ்க!